சாயங்கால மாத்திரை

என்னங்க,

உங்க அக்கா கண்ணுல படக்கூடாதுன்னுதான் சீட்டை ஹெல்மெட்டுக்குள்ள வச்சிருக்கேன். மாத்திரை வாங்க விழுப்புரம் போறேன். அக்காகிட்ட ரேஷன் கார்டு வேலைன்னு சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லிடாதீங்க.

நேத்து சாயங்காலம் அக்கா இருக்குதுன்னு ரஞ்சனிக்கு எச்.ஐ.வி. மாத்திரை குடுக்காம உட்டுட்டீங்க. காலைல குடுத்ததே போதும்னீங்க. அது பழைய கணக்கு. இப்ப கூடவே குடுக்குற டிபி மருந்து இதோட வேகத்தைக் குறைச்சிடுமாம். அது முடியிற வரைக்கும் ரெண்டு வேளை குடுக்கணும்.

இன்னிக்கு ஆறு மணிக்கு ரஞ்சனியைக் கோட்டைப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்னு அக்காகிட்ட சொல்லி, வெளிய வச்சுக் குடுத்துடுங்க. மிச்சம் இருக்குற மாத்திரை அரிசி டின்னு அடியில இருக்குது.

குழம்பு சுட வச்சிட்டேன்.

தலை வாரும்போது உங்க பொண்ணு சொல்லுது: "அத்த ஊருக்குப் போவட்டும்மா, உட்டதையெல்லாம் ஒண்ணா முழுங்கிக்கிறேன்."