எடை பார்க்கும் சனிக்கிழமை

1 மார்ச், சனி

எடை நாள். இருபது பிள்ளைகளில் பதினான்கு பேர் ஒரே அழுகை. மெஷினைக் கண்டாலே பயம். காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

மகளிர் குழுக் கட்டடத்தில் இந்தச் சாப்பாட்டை ஆரம்பித்து எட்டு மாதம். முட்டை, பருப்பு, சாயங்காலம் கஞ்சி. ஆறு மணிக்கு அம்மாக்கள் வந்து கூட்டிப்போகும் வரை எங்கள் பொறுப்பு. இவ்வளவு செய்தும் கவியா 11.1 கிலோ. டிசம்பரிலும் 11.1. மூன்றரை வயது. 11.5 தொட்டுவிட்டால் அவள் பெயரை எடுத்துவிட்டு, காத்திருக்கும் பத்துப் பேரில் ஒன்றைச் சேர்க்கலாம். அப்படித்தான் நானே விதி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இவள் தொடுவேனா என்கிறாள்.

மதியம் சோறு பற்றவில்லை. நேற்று இதே படி அரிசியில் மீந்தது. சமைக்கிற கோவிந்தம்மாவைக் கேட்டால், "பசங்க துன்னுச்சுங்க" என்கிறாள். காலையெல்லாம் அழுத பிள்ளைகள் அவ்வளவு சாப்பிடுமா? நான் நம்பவில்லை. அவள் கூடையை ஒரு நாள் பார்க்க வேண்டும்.

4 மார்ச்

பார்த்தேன். அவள் பின்பக்கம் பாத்திரம் துலக்கும்போது. வெற்றிலைப் பை, மாற்றுச் சேலை, மூட்டு வலித் தைலம். வேறு ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறாள்.

"இன்னாக்கா, எதனா கெடச்சுதா?"

மூடிவிட்டு வந்தேன். வீட்டில் இவரிடம் சொன்னதற்குச் சிரிக்கிறார். "பத்தொன்பது வருஷம் கம்பெனில சரக்கு செக் பண்ற க்யூசியில இருந்துட்டு வந்த. இன்னும் ரிஜெக்ட் பீஸ் தேடிகினே கீற." சிரிக்கட்டும். தேடினால்தான் கிடைக்கும். கூடையில் இல்லையென்றால் வேறு எங்கோ இருக்கிறது.

7 மார்ச்

ஐந்து கிலோ அரிசிப் பையை மெஷின் மேல் வைத்தேன். ஐந்துதான் காட்டியது.

22 மார்ச்

இப்போது சந்தேகம் கவியாவின் அம்மா மேல். சுகப்பிரியா. திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு கம்பெனியில் ஒயர் கட்டுகிற லைன். புருஷன் வேல்ராஜுக்கு மறைமலை நகரில் வேலை, வீடு வர இரவு எட்டாகும். ஒரே அறை.

வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவை யார் குடிக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"அவதாங்க்கா குடிக்கா. நான் எதுக்குக் குடிக்கேன்?"

தரையைப் பார்த்துச் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிற ஆளை லைனில் நான் விட்டதே இல்லை.

5 ஏப்ரல், சனி

எடை நாள். 11.0. குறைந்திருக்கிறது.

தோள் வரை தொங்கிய முடியை ஒட்ட வெட்டிக் கூட்டி வந்திருக்கிறாள். "பேன் விழுந்துட்டுக்கா." கொலுசைக் காணோம். "அறுந்துட்டு." அரைஞாண் கொடி? கம்பெனி பஸ் வந்துட்டு என்று ஓடிவிட்டாள்.

அடகா? அந்த வேல்ராஜ் குடிக்கிறானோ? பிள்ளையின் இடுப்பில் கிடப்பதைக்கூட விடாத வீட்டில் சத்துமாவு மட்டும் மிஞ்சுமா?

மதியம் மறுபடியும் சோறு பற்றவில்லை. கவியா மூன்று தடவை தட்டை நீட்டினாள்.

7 ஏப்ரல், திங்கள்

கொலுசுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கவியா. காலில் கொலுசு. கவுனைத் தூக்கிப் பார்த்தேன், கொடியும் இருக்கிறது.

எடை நாளில் மட்டும் அறுந்துபோகிற கொலுசு.

9 ஏப்ரல், புதன்

காலையில் யாரிடமும் சொல்லாமல் கவியாவை மட்டும் மெஷினில் ஏற்றினேன். 11.5. நாலு நாளில் அரை கிலோ. அழக்கூட இல்லை. இறங்கி விளையாடப் போய்விட்டாள். அதையெல்லாம் யார் கவனித்தது, அகப்பட்டாள் என்ற சந்தோஷம்தான் எனக்கு.

சாயங்காலம் சுகப்பிரியா வந்ததும் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளைக்கு என்ன கொடுத்தே? குனிந்து கவியாவுக்குச் செருப்பு மாட்டினாள். சனிக்கிழமை காலையில? அடுத்த காலுக்கு மாட்டினாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பெத்த புள்ளைய பட்டினி போட்டா என்னை ஏமாத்துறே, நீயெல்லாம் ஒரு தாயா என்று கத்திவிட்டேன். மற்ற அம்மாக்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எடை வந்துட்டுன்னா பேர எடுத்துருவியள்லா? அங்கன்வாடில மூணரைக்கே விட்டுருவாவ. எனக்கு பஸ்ஸு வந்து எறங்க ஆறு மணி ஆயிரும். அதுவரைக்கும் இவள எங்கக்கா விடுவேன்? போன வருசம் ஒரு மாசம் ரூம்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் போனேன். வந்து பாத்தா கதவுகிட்டயே படுத்துக் கெடப்பா. மாசத்துல ஒரு ராத்திரிதானக்கா. தண்ணியக் குடுத்துத் தூங்க வச்சிருவேன்."

முடியையும் அதற்குத்தான் வெட்டினாளாம். முடி என்ன கனம் இருக்கும் என்று நினைத்தாளோ.

அவள் தலைக்கு மேலே சுவரில் என் கையெழுத்து: எடை வந்த பிள்ளையின் பெயர் அன்றே நீக்கப்படும். 'அன்றே' என்பதற்குக் கீழே கோடு வேறு. இத்தனை நாள் யார் யாரையோ சந்தேகப்பட்டேனே, இதை ஒரு நாளாவது படிச்சுப் பாத்தேனா? வெட்கமாக இருக்கிறது.

12 ஏப்ரல்

குழுக் கூட்டம். விதியை எடுக்க வேண்டும் என்றேன். அப்போ காத்திருக்கிற பத்துப் பேர் என்ன ஆவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கோவிந்தம்மா கதவோரத்திலிருந்து, "அதுங்களுக்கும் சேத்து வடிச்சுட்டுப் போறேன். பெரிய குண்டான் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான் கூட்டம். ஜூன் முதல் முப்பது பேர்.

சுகப்பிரியா நம்பவில்லை. "எழுதி ஒட்டுங்கக்கா." எழுதினேன்: எடை வந்தாலும் பெயர் இருக்கும், அம்மா வரும் வரை பிள்ளை இங்கேயே இருக்கலாம். ஒட்டியதும் செல்லில் போட்டோ எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் எடுத்தார்கள். அவர்களுக்கு எதற்கோ.

14 ஏப்ரல்

சித்திரைப் பிறப்பு. லீவு. கூடையைத் திறந்தது தப்பு என்று கோவிந்தம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் வர மாட்டேன் என்கிறது.

3 மே, சனி

எடை நாள். கவியா கொலுசோடு ஏறினாள். 11.7. எழுதினேன். சுகப்பிரியா எட்டிப் பார்த்து, நான் எழுதியதையும் சரிபார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த பையன் நானூறு கிராம் கூடியிருந்தான். அதற்கடுத்தவள் ஐநூறு. மெஷினைத் தட்டிப் பார்த்தேன், அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இருபதில் பதிமூன்று பேர் இப்படி. பிள்ளைகள் ஒரே மாதத்தில் இவ்வளவு ஏறாது, எனக்குத் தெரியும். ஒருத்தியின் கன்னத்தில் காலையில் தின்ற சட்னி காய்ந்திருந்தது. அம்மாக்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் கோவிந்தம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாக்கா, எடை போடுற அன்னிக்குன்னு கூட ரெண்டு படி போட்டேன். இம்மாஞ் சோறு மீந்துபோச்சு. வூட்டுக்கு எடுத்துகினு போவட்டா? கூடைய வேணும்னா தொறந்து காட்டுறேன்."

தப்பு என்னுது கோவிந்தம்மா, எடுத்துட்டுப் போ என்றேன். இரண்டு தூக்கில் நானே போட்டுக் கொடுத்தேன்.

இன்று ஒரு பிள்ளையும் அழவில்லை. இத்தனை மாதமும் மெஷினைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.