உன் கை அளவுக்கு ஒரு கோடாலி

அன்பு ரோவீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நார்வேயில் இந்நேரம் பனி உருகத் தொடங்கியிருக்கும், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் கோழிகளும் நலம், அப்பா பாதி நலம், மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். ஆப்பிள் பறிப்பு முடிந்துவிட்டது, கிளிகள் தின்றது போக மீதி நமக்கு. நம் வாசல் தபால் பெட்டி போன மாதம் செத்துப்போனது. அப்பா வண்டியைப் பின்னால் எடுத்து அதன்மேல் ஏற்றிவிட்டு, இறங்கி வந்து, "எந்த மடையன் இதைக் கொண்டாந்து இங்க நட்டான்" என்று கத்தினார். நட்டது அவர்தான், நீ பிறந்த வருஷம். நான் சிரித்தேன், ஆனால் அவர் கண்ணில் ஏதோ சரியில்லை என்று அப்போதே தோன்றியது.

எல்லாம் நீ செய்த வேலை என்று செல்லமாகத் திட்டிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். அடுப்புக்கு விறகு பிளக்கக் கடையில் பிளாஸ்டிக் பிடி போட்ட கோடாலி வாங்கினேன் என்று போனில் சொன்னாயே, அன்று அப்பா தட்டில் கைவைக்கவில்லை. "மூணு தலைமுறையா மரம் வெட்டின குடும்பம், எம் பொண்ணு கையில பிளாஸ்டிக்கா? பல்லு தேய்க்கவா வாங்கினா?" என்று புலம்பிவிட்டு, மறுநாள் காலையிலேயே கொட்டகைக்குப் போய் மூன்று பழைய கோடாலிகளை வெளியே எடுத்துப் போட்டார். ஒன்று உன் தாத்தா காட்டில் வெட்டியது, ஒன்று என் அப்பா தோட்டத்தில் வைத்திருந்தது, மூன்றாவது அப்பாவே இளவட்டமாக இருந்தபோது ஈஸ்டர் மரவெட்டுப் போட்டியில் ஜெயித்தது. அதுதான் உனக்கு. மூன்றிலும் காம்பு உளுத்து முறிந்து, இரும்பெல்லாம் துரு. துருப்பிடித்த இரும்பை என் பெரிய ஊறுகாய் ஜாடியில் வினிகர் ஊற்றிப் போட்டுவிட்டார், கேட்கவே இல்லை. துளைக்குள் மாட்டிக்கொண்ட பழைய கட்டையை நெருப்பில் போட்டு எரித்து எடுத்தால் என்ன என்று பக்கத்துத் தோட்டத்து மாரிஸ் கேட்டதற்கு, "எரிச்சா இரும்போட உரம் போயிடும்டா, அப்புறம் அத வச்சு வெண்ணெய்தான் வெட்டணும்" என்று துரத்திவிட்டு, துளை போட்டுத் துளை போட்டுத் தட்டி எடுத்தார்.

இதற்கு நடுவில் அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். கண்ணுக்குள் ரத்தம் கசிகிறதாம், ஹோபர்ட் நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணிலேயே ஊசி போட வேண்டுமாம், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாதாம். அப்பாவுக்கு ஊசி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. கோடாலிகளை முடித்துவிட்டுத்தான் போவேன், ஒருதடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் அப்புறம் யாரும் என்னைக் கோடாலியைத் தொட விடமாட்டார்கள் என்று உட்கார்ந்துவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று.

தாத்தாவின் கோடாலி நன்றாகவே வந்தது. அடுத்து என் அப்பாவுடையது. அதற்குக் காம்பு கோத்து முடித்து, பெருமையாக அடுப்பங்கரை மேஜையில் கொண்டுவந்து வைத்தார். காம்பின் நுனியைப் பார்த்தேன். மரத்தின் வரி கோடாலி வாய்க்கு நேராக ஓடாமல் குறுக்கே ஓடியது. குறுக்கு வரிக் காம்பு ஓங்கி நாலு போடு போட்டால் முறிந்து இரும்பு பறக்கும், அது உனக்கும் தெரியும். வேறொருவன் இப்படிக் கோத்திருந்தால் அப்பா அவனை அடுத்த ஈஸ்டர் வரைக்கும் கேலி செய்திருப்பார். அவர் மாரிஸ் வீட்டுக்குப் போன சமயம் பார்த்து அந்தக் காம்பை அறுத்தெடுத்துவிட்டு, வரி நேராக ஓடும் வேறொரு கட்டையைப் பொருத்தி, கோடாலியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காம்பின் அடியில் தட்டித் தட்டி இரும்பை ஏற்றி, அது கழலாமல் இருக்க ஆப்பையும் இறக்கிவிட்டேன். நானும் தோட்டக்காரன் மகள்தானே.

வந்தவர் கையில் எடுத்தார், கட்டைவிரலால் காம்பு முழுக்கத் தடவினார். கண்ணுக்குத்தான் தெரியவில்லை, அந்த விரலுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. "யாரு கோத்தது இத?" என்றார். "பூனை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோடாலியை மேஜையில் வைத்துவிட்டு, "ஹெய்ஸல், எனக்கு வரி தெரியலடி. உன் மூஞ்சியும் நடுவுல அழிஞ்ச மாதிரிதான் தெரியுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வாயால் "எனக்குத் தெரியவில்லை" என்று ஒருதடவைகூடச் சொன்னதில்லை. நான் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார். அழுது முடித்துவிட்டு, நாளைக்கே ஹோபர்ட் போகிறோம் என்றேன். "அப்ப ரோவீனாவோடது?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்தோம். வரி பார்த்துக் கட்டையை எடுத்துக் கொடுத்தது நான், உடைந்த ஜன்னல் கண்ணாடியால் சுரண்டி வழவழப்பாக்கியது அவர். விரலைக் கீறிக்கொண்டதெல்லாம் சொல்லி மாளாது. நீளம் வைக்க உன் கை வேண்டுமே என்றார். உனக்கு என் கைதான் என்று எல்லோரும் சொல்வார்களே, அதனால் காம்பின் அடியை என் அக்குளில் வைத்து, விரல் இரும்பைத் தாண்டி மடங்குகிறதா என்று தடவிப் பார்த்தார், பார்த்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. விடிந்ததும் கிளம்பினோம்.

இதை ஹோபர்ட்டில் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முதல் ஊசி போட்டாயிற்று, இன்னும் போட வேண்டுமாம். இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், எவ்வளவு நாளைக்கு என்று சத்தியம் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அப்பா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, பார்சல் போட்டால் கோடாலியை நார்வேக்குள் விடுவார்களா என்று அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பார்சல் வராது ரோவீனா, அதெல்லாம் வெறும் பேச்சு. உன் கோடாலிக்கு இன்னும் ஆப்பு இறக்கவில்லை. இறக்கிவிட்டால் நீளத்தை மாற்ற முடியாது, என் பெண்ணே வந்து அக்குளில் வைத்துப் பார்க்கட்டும், அப்புறம்தான் இறக்குவேன் என்கிறார். மகளே வந்துவிட்டுப் போ என்று கேட்க அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அந்தச் சுற்றுவழியெல்லாம் தெரியாது. லீவு போட்டு வா. கோடாலி காத்திருக்கும், உன் முகம் அவருக்கு நடுவில் அழியாமல் தெரியும் காலம் காத்திருக்காது.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் எரியட்டும். அதுவரை அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடும்போது நல்ல பூட்ஸ் போட்டுக்கொள், அதில் அப்பாவும் நானும் ஒரே கட்சி.

அப்பாவின் கீறல் விழுந்த விரல்களும் இந்தத் தாளைத் தொட்டிருக்கின்றன, மூலையில் உள்ள கறை அதுதான்.

என்றும் உன் அன்பு அம்மா,
ஹெய்ஸல்