வாத்துப் படம் போட்ட காற்று வளையம்

அக்கா,

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் முகப்பேர் வீட்டின் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். ஏணியில் நின்று எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி. கீழே நின்று வாங்கி வைத்தவன் நான். கைப்பிடி உடைந்த மிக்ஸி ஜாடி, மின்விசிறியின் ஒற்றை இறக்கை, யாருக்கும் சேராத ஒரு சூட்கேஸ் என்று வந்த வரிசையில் மஞ்சள் நிற வளையம் ஒன்றும் வந்தது. குழந்தைகள் நீச்சல் பழக இடுப்பில் மாட்டிக்கொள்கிறார்களே, அது. சுற்றிலும் வாத்துப் படம். நம் குடும்பத்தில் எந்தக் குழந்தையும் அதை மாட்டிக்கொண்டதில்லை. நீதான் அதன்மேல் உட்கார்ந்திருந்தாய்.

"இதுல இன்னும் காத்து இருக்குங்க" என்றாள் அவள்.

இரண்டு கைகளாலும் வாங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தொய்ந்திருந்தது. ஆனால் வெறுமையாக இல்லை. அதற்குமேல் பரண் வேலை எனக்கு ஓடவில்லை.

உனக்கு மறுபடியும் உதிரப்போக்கு தொடங்கியதை நீ என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம்தான் சொன்னாய். அதில் தவறில்லை. அக்காவும் தம்பியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாத சொற்கள் சில நம் வீட்டில் இருந்தன. பூந்தமல்லி நீதிமன்றத்தில் கூச்சமின்றி நான் உச்சரிக்கும் பல சொற்கள் உன் எதிரில் என் வாயில் வந்ததில்லை. நீயோ அதையும் கேலியாக்கித்தான் சொல்லியிருக்கிறாய்: "நின்னு எத்தனையோ வருஷமாச்சு, இப்ப மறுபடி வந்துகீது. தாய்மாமன்தான் போய்ச் சேந்துட்டாரு. உன் ஊட்டுக்காரனையாவது சீர்த்தட்டு எடுத்துக்கினு வரச் சொல்லு." அவள் சிரித்துவிட்டு, பிறகு பயந்து, அன்று மாலையே என்னிடம் சொன்னாள்.

பரிசோதனை முடிவைக் கேட்கப் போன நாளில், டாக்டரம்மா பேசத் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே போக முயன்றேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "எங்கடா போற? வக்கீலை வெச்சுக்கினு நான் தனியா மாட்டிக்கணுமா? உக்காரு." உட்கார்ந்தேன். மேசைமேல் இருந்த பேனா தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தைங்க எத்தனை?" என்று அவர் கேட்டார். கல்யாணமே ஆகவில்லை என்றாய். பிள்ளை பெறாதவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று அவர் விளக்கினார். குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை, தகவலாகத்தான் சொன்னார். அப்பா இறந்தபின் அவருடைய இடத்தில் ஆவடி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சிப்பாய்களின் சட்டைத் தையலைச் சரிபார்த்தே உன் வயதைக் கழித்தவள் நீ. அந்தச் சம்பளத்தில் சட்டம் படித்தவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "பெத்தாலும் குத்தம், பெக்காட்டாலும் குத்தம். மேல சொல்லுங்க டாக்டரம்மா."

அவர் மேலே சொன்னார். கருப்பையில் புற்று. பொதுவாக முதல் சிகிச்சை அறுவை: கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது. ஆனால் உனக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்திருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் தயங்கினார். "செய்யவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ரிஸ்க் இருக்குன்னு சொல்றேன்." அடுத்த வழி, அறுவை இல்லாமல் கதிர்வீச்சு மட்டும். மூன்றாவது, ஹார்மோன் மாத்திரை. அது நோயைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம், ஆனால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, உன் இதயத்துக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். யோசித்து வாருங்கள் என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

யோசித்தோம். அண்ணனூரில், ரயில் பணிமனைக்கு உள்ளே போகும் வண்டிகளின் இரைச்சல் கேட்கும் உன் வீட்டுக் கூடத்தில், நான் எனக்குத் தெரிந்த முறையில் யோசித்தேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆதரவாக முதலில் வாதாடினேன். பிறகு அதே நேர்மையோடு எதிராகவும் வாதாடினேன். எந்தப் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். முடிவு கட்சிக்காரருடையது என்பது என் தொழில் எனக்குப் பழக்கிய ஒழுக்கம். நீ கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கேட்டாய்:

"ஏண்டா, நீ எனக்கு வக்கீலா, நோய்க்கு வக்கீலா?"



"கட்டி" என்று மட்டும் தெருவில் சொல்லி வைத்திருந்ததால், எதிர்வீட்டம்மா அந்த நேரம் பார்த்துக் கழற்சிக்காயோடு வந்தார். கல்யாணமாகாதவளுக்குக் கருப்பையில் நோய் என்றால் தெரு என்ன பேசும் என்று நினைத்து நாம் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த சொல் அது. அந்தச் சொல்லுக்கு ஏற்ற மருந்தே வீடு தேடி வந்தது. "மிளகோட அரைச்சுச் சாப்புடுக்கா, எப்பேர்ப்பட்ட கட்டியும் கரைஞ்சிரும்" என்றார். அவர் போனதும் காயை என் கையில் திணித்தாய். "நீ சாப்புடு. உன் தொண்டையில ஒரு கட்டி அடைச்சுக்கினு கீது. அது கரைஞ்சா ஒரு பக்கமாவது பேசுவே."

பேசினேன். அறுவை சிகிச்சை என்றேன். நோயை வேரோடு எடுக்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம். இதயத்தைப் பார்த்துக்கொள்ள நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்றேன். நீ தலையாட்டினாய். ஒப்புக்கொண்டாய் என்று நினைத்தேன். உன் தலையாட்டலை அப்படி வாசித்தது ஆதாரமற்ற அனுமானம்.

மறுமுறை போனபோது, நான் தயார் செய்து வைத்திருந்த கேள்விகளை எல்லாம் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாய். பிறகு நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"எல்லாஞ் சரி டாக்டரம்மா. ஒவ்வொரு வைத்தியமும் முடிஞ்சப்புறம் நான் எப்படி இருப்பேன்? என் ஊட்டுல நானே தண்ணி புடிச்சு, நானே சமைச்சு, நானே கதவைச் சாத்திக்குவேனா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா, சீக்கிரமே அப்படி இருப்பீங்கம்மா. முடியலைன்னா ஐசியூ, வென்டிலேட்டர்னு போகலாம். அப்புறம் பழைய ஆளா எழுந்து வருவீங்கன்னு நான் வாக்குத் தர முடியாது. ரேடியேஷன்ல அசதி இருக்கும், பாத்ரூமுக்கு ஓடுவீங்க, உக்காந்தா எரியும். ஆனா பெரும்பாலும் உங்க கதவை நீங்களே சாத்திக்குவீங்க. நோய் திரும்பி வர்ற வாய்ப்பு மட்டும் அதுல கொஞ்சம் ஜாஸ்தி. அதை மறைக்க மாட்டேன்."

திரும்பும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். அம்பத்தூர் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே சொன்னாய்: "கரண்ட் வைத்தியமே வெச்சுக்கலாம். உன் கட்சி தோத்துப் போச்சு. முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே." நான் மறுக்கவில்லை. மனத்துக்குள் மறுத்துக்கொண்டேதான் இருந்தேன். அண்ணனூரில் இறங்கும்போது நீ என் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இறங்கினாய்.

கதிர்வீச்சு தொடங்கிச் சில வாரத்தில், டாக்டரம்மா சொன்னபடியே எரிந்தது. மருத்துவமனை நாற்காலியில் உன்னால் உட்கார முடியவில்லை. மருந்துக்கடையில் கேட்ட வட்டத் தலையணை கைவசம் இல்லை. நீ தயங்காமல் ஆவடி மார்க்கெட்டில் பொம்மைக் கடைக்குள் நுழைந்து இந்த வாத்து வளையத்தை வாங்கிவந்தாய். அதைக் கையில் மாட்டிக்கொண்டு நீ ஆட்டோவில் ஏறிய முதல் நாள், ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, நீச்சலு கத்துக்கப் போறியா?"

"ஆமாண்டா. கூவத்துல."

"பாத்துக்கா, அங்க முதலை கீது."

"என்னைப் பாத்தா அது ஓடிரும். நீ வண்டியை எடு."

நீ அன்று சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கியது. காத்திருப்போர் பெஞ்சில் வளையத்தை ஊதத் தொடங்கியபோது இன்னும் வாங்கியது. நான் கையை நீட்டினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். "எச்சில் பண்ணாதே!" தண்ணீர் டம்ளரைக்கூட உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பவள், தொழிற்சாலையில் எத்தனையோ பேரோடு வேலை செய்தும் உன் டம்ளரை யாரையும் தொட விடாதவள் நீ. நோய் அந்த வழக்கத்தைச் சற்றும் தளர்த்தவில்லை. கொஞ்சம் ஊதுவாய், விரலால் அடைத்துக்கொண்டு இளைப்பாறுவாய், மறுபடி ஊதுவாய். சிகிச்சை நடந்த நாள்களில் காற்று குறையும்போதெல்லாம் நீயே ஊதி, நீயே களைத்து, அதன்மேல் நீயே உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு களைப்பூட்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேலாக நீ உன் வீட்டில் இருந்தாய். நான் வரும்போது திறந்துவிட்டாய், போகும்போது சாத்திக்கொண்டாய். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டபின்தான் நான் தெருவில் நடப்பேன். அது உனக்குத் தெரியாது என்றே நம்புகிறேன். பிறகு நோய் நுரையீரலில் திரும்பி வந்தது. அறுவைக்கு அப்போது இடமே இருக்கவில்லை. கடைசிச் சில வாரங்கள் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தாய். என் மனைவி உன்னைக் குளிப்பாட்டியபோது சுவரைப் பார்த்துக்கொண்டு, "இதுக்குத்தாண்டி பயந்தேன். பரவால்ல, கொஞ்ச நாள்தானே" என்றாயாம்.

கருமாதியன்று பந்தியில் ஒருவர் இலைமீது குனிந்தபடி சொன்னார்: "அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா…" அந்த வாக்கியத்தை அதன்பிறகு பல வாய்களில் கேட்டுவிட்டேன். அது என் வாதமும்கூட என்பதால் எனக்கு அதை மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. அறுவை மேசையிலேயே உன் இதயம் நின்றிருக்கலாம். நிற்காமலும் இருந்திருக்கலாம். நடக்காத ஒன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்க எந்த மன்றமும் இல்லை, அக்கா. ஆனாலும் ரயில் அம்பத்தூரைத் தாண்டும்போதெல்லாம் நான் அந்த வழக்கை மறுபடி எடுத்துக்கொள்கிறேன். அண்ணனூர் வருவதற்குள் களைத்துக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சொத்துக்காக உடன்பிறந்தவர்மீது வழக்குப் போட வருகிறவர்களிடம், மணவிலக்குக் கேட்டு வருகிறவர்களிடம், சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்பாக இப்போது கேட்கிறேன்: "இது முடிஞ்சப்புறம் நீங்க எப்படி இருப்பீங்க?" சிலர் எரிச்சலடைகிறார்கள். சிலர் கொண்டுவந்த பத்திரங்களை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை நான் எந்தப் பக்கமும் வாதாடுவதில்லை.

"காத்தைப் புடுங்கி மடிச்சு வெக்கட்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தக் காற்று உன்னுடையதுதான் என்பதற்கு நேரடிச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் வேறொரு வாய் அதைத் தொட நீ ஒருநாளும் விட்டதில்லை என்பதற்கு நானே சாட்சி. எனக்கு அது போதும்.

வளையம் இப்போது என் அலுவல் அறையில், சட்டப் புத்தகங்களின் மேல்தட்டில் இருக்கிறது. அடைப்பு எங்கோ லேசாகக் கசிகிறது. நாளுக்கு நாள் வாத்துகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. நான்கு மூச்சு ஊதினால் பழையபடி நிமிர்ந்துவிடும்.

நான் வாய் வைக்கவில்லை, அக்கா.