பாதி மாத்திரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மா தேறி வருகிறாள், நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் பதறிப்போவாய் என்றுதான் இந்தக் கடிதம்.

விலைவாசி தாங்காமல் கடையில் கட்டிங் ரேட்டை ஏற்றிப் பலகையில் எழுதினேன். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை, கடைக்கும் வரவில்லை. மாதம் தவறாமல் வந்தவர்கள் காதை மூட முடி வளர்த்துக்கொண்டு என்னைப் பார்க்காததுபோல் போகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அரிசியைத் தள்ளிப்போட முடியாது, முடியைத் தள்ளிப்போடலாம். வழுக்கைக் கணக்கு வாத்தியார் மட்டும் வந்து, பாதித் தலைதானே இருக்கு, பாதிக் காசு வாங்கிக்கோ என்றார், வாங்கிக்கொண்டேன். வீட்டில் எண்ணெய், பால் எல்லாவற்றையும் அம்மா குறைத்தாள். கேட்டால், சமாளிச்சுக்கலாம் விடுங்க என்பாள்.

போன வாரம் பாத்திரம் கழுவும்போது விழுந்துவிட்டாள், வாய் குழறியது. பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று டாக்டர் கேட்டார், ஒருநாளும் தவறியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவைத் திறந்தால், இரண்டாக நறுக்கிய மாத்திரைகளும் என் கடைப் பிளேடும் கிடந்தன. கேட்டதற்கு, நீங்க ஒரு பிளேடை ஒடிச்சு ரெண்டு பேருக்கு ஷேவ் பண்ணலையா, அது மாதிரிதான் என்கிறாள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடக்கிறது. காலையில் கடையைத் திறக்கிறேன், காலி நாற்காலியைத் துடைக்கிறேன், பூட்டிவிட்டு வருகிறேன்.

அவளுக்கு வலது கை இன்னும் சரியாக எழவில்லை. ஊரார் தலையெல்லாம் வாரினவன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தலையை இப்போதுதான் வாருகிறேன். வகிடு கோணல் என்கிறாள். முழு மாத்திரையை என் கண்முன்னால்தான் விழுங்குகிறாள். மெல்ல மெல்லச் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார், நம்புகிறேன்.

பணம் கேட்டு இதை எழுதவில்லை. நீ குறையில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசியும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அங்கேயும் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஏறிவிட்டன என்றாய், எப்படிம்மா என்றதற்கு, சமாளிச்சுக்கறேன்ப்பா என்றாய். அப்படியே உன் அம்மா குரல். நீ எதைக் குறைத்திருக்கிறாய் என்று மறைக்காமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா