கம்பியைக் கழற்றி வை

அசுன்சியோன், ஆகஸ்ட் 9

அன்புள்ள கிரிசெல்டா,

நலமா? நேற்று உன் அம்மா பேருந்து நிறுத்தத்தில் என் அம்மாவிடம் சீப்பா ரொட்டி வாங்க வந்தார். மகள் குரலைக் கேட்டு ஒரு மாதமாகிறது என்றார். பேசிவிடு.

அச்சகத்தில் நம் பழைய கணினி செத்துவிட்டது. புதிதாக வந்ததில் வேறு வகை சிப். நாம் இருவரும் செய்த பிரெய்ல் நிரலின் பேச்சு அதற்குப் புரியவில்லை. இயங்குதளம் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் நம் குவாரனி மொழி பிரெய்லில் பிசகாமல் வருகிறது. மெய்ப்பு பார்க்கும் ருஃபினோ தாளைத் தடவிவிட்டு, "பரவால்லயே, கனடா போயும் கிரிசெல்டா இங்க ஒழுங்கா வேல பாக்குறா" என்றான். தப்பாக விழுந்திருந்த ஒரு புள்ளியை மட்டும் வழக்கம்போல் நகத்தால் அழுத்தித் தட்டையாக்கினான்.

ஒரே கவலை. நிரலைத் திறந்தாலே, இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் இது இயங்காது என்று எச்சரிக்கை வருகிறது. திருத்தி எழுதலாம் என்றால் மூலநிரல் இல்லை. நன்கொடைக் கணினியிலும் வேகமாக ஓடவேண்டுமென்று உள்பகுதி முழுவதையும் அந்தக் காலத்துச் சிப்பின் மொழியிலேயே எழுதினாய். அது இருந்த மடிக்கணினியைத்தான் விமானச் சீட்டுக்காக விற்றாய். நான் மறுபடி எழுதப் பார்த்தேன். முடியவில்லை.

குவாரனிக்கு வேறு நிரலும் கிடையாது. பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது பார்வையில்லாத பிள்ளைகளின் கையில் இரண்டாம் வகுப்பு வாசிப்புப் புத்தகம் இருக்கவேண்டும். நீ இருப்பது அந்த இயங்குதளத்தைச் செய்கிற நிறுவனத்தில்தானே? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்.

உன்,
சுனில்டா


டொராண்டோ, ஆகஸ்ட் 21

அடி பயந்தாங்கொள்ளி,

கேட்க யாரிடம் போவேன்? அந்த மொழிபெயர்ப்புப் பகுதியைப் பராமரிப்பதே எங்கள் குழுதான். நான் இருக்கும்வரை உனக்கு என்ன கவலை? குழுக் கூட்டத்தில் பேசிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு இணையக் கம்பியைக் கழற்றி வை. புதிய பதிப்பு உள்ளே வராது, எச்சரிக்கையும் ஓய்ந்துவிடும்.

இங்கே நம் ஊர்க் குளிர் தேநீர் தெரெரேயை உறிஞ்சினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு குடிக்கிறேன். அம்மாவிடம் பேசிவிட்டேன். ருஃபினோவுக்கு ஒரு கொட்டு வை.

முத்தங்களுடன்,
கிரி


அசுன்சியோன், அக்டோபர் 4

அன்புள்ள கிரி,

நீ சொன்ன அன்றே கம்பியைக் கழற்றிவிட்டேன். அச்சக இயக்குநர் அம்மாவுக்குத்தான் கோபம். மதியத்தில் அந்தக் கணினியில்தான் இணையத்தில் சீட்டாடுவார். "அம்மாவுக்குப் பொழுது போகலன்னா நம்ம உசிர எடுப்பாங்களே" என்று ருஃபினோ என்னைத் திட்டுகிறான்.

முதல் தொகுதி முடிந்தது. கடைசிப் பக்கத்தில் 'ஆக்கம்: கிரிசெல்டா, சுனில்டா' என்ற வரியை நிரல் தானாகவே போடுகிறது. மாணவிகளாக இருந்தபோது யாரும் எடுத்துவிடக்கூடாதென்று அதை எவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்தோம்! எங்கள் வீட்டில் முதன்முதலில் அச்சேறிய பெயர் அது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எது நீ?" என்றாள்.

இரண்டாம் தொகுதியை அடுத்து எடுக்கிறோம். கூட்டம் என்ன ஆயிற்று? நீ எழுதவே இல்லை.

உன்,
சுனி


டொராண்டோ, டிசம்பர் 12

சுனி,

நேராகச் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்புப் பகுதியை எடுக்கிறார்கள். பயன்படுத்துவோர் அநேகமாக யாருமில்லை என்று கணக்கு காட்டுகிறது. இங்கே கணக்கை வைத்துத்தான் பேச முடியும், உனக்குப் புரியும்.

நிறுவனத்தின் அறப்பணிப் பிரிவில் சொல்லி, ஸ்பானிய பிரெய்ல் மென்பொருள் ஒன்றை உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நல்ல சரக்கு. பிள்ளைகள் ஸ்பானியமும் படிக்கத்தானே வேண்டும்? கோபப்படாதே.

கிரி


அசுன்சியோன், பிப்ரவரி 18

கிரிசெல்டா,

ஜனவரிக் கோடை வெயிலில் மின்சாரம் போய் வந்ததில் வட்டு எரிந்தது. பழுது பார்த்த கடைக்காரரால் இயங்குதளத்தின் புதிய பதிப்பைத்தான் போட முடிந்தது. முந்தையதை நிறுவனம் இப்போது தருவதில்லையாம். பிரதியெடுத்து வைத்திருந்த நம் நிரல் அதில் திறக்கவில்லை. இரண்டாம் தொகுதி பாதியில் நிற்கிறது. பிள்ளைகள் ஜூன் வரை குவாரனியில் படிப்பார்கள். அதற்குமேல் புத்தகம் இல்லை.

மொழிபெயர்ப்புப் பகுதியை நீக்கும் உங்கள் அறிவிப்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். கீழே உன் பெயர் இருந்தது. அந்தக் கணக்கு, இணையத்தில் இருக்கும் கணினிகள் தாமாக அனுப்பும் தகவலிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கம்பியைக் கழற்றச் சொன்னது நீ.

கம்பி இருந்திருந்தாலும் நாங்கள் ஒரே ஒரு கணினிதான். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஒன்றை அறிந்தவள் அந்த அறையில் நீ ஒருத்திதான். அங்கே எங்கள் பெயரைச் சொன்னாயா, அல்லது அதையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாயா? பதில் வேண்டாம். கூட்டங்களில் வாய் திறக்காதவள் என்று என்னைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

உன் ஸ்பானிய மென்பொருள் வந்து சேர்ந்தது. இயக்குநர் அம்மா நன்றிக் கடிதம் எழுதுவார்.

முதல் தொகுதி நாளை பள்ளிக்குப் போகிறது. இன்று மதியம் முழுக்கப் பிரதி பிரதியாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ருஃபினோ சத்தத்தைக் கேட்டு, "என்னத்தடி தேய்க்கிற?" என்றான்.

"ஒரு தப்பு விழுந்திருக்கு" என்றேன்.

அவன் ஒரு பிரதியை வாங்கி, நான் நகத்தால் அழுத்திய இடத்தைத் தடவினான். முதல் பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. மிச்சமிருந்த பிரதிகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சுனில்டா