டேப்புக்குள் இரண்டு விரல்

என் வீட்டுக்காரருக்கு, நான் நல்ல சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் தொப்பையின் சுகத்தையும் எழுதவும்.

வேலைக்காரர்கள் குண்டாகக் கூடாதென்று இந்த நாட்டு அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. எங்கள் தையல் கம்பெனியிலும் இடுப்பளக்க நர்சம்மா வந்தார். கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போய், "நீ டெய்லர்தானே, கொஞ்சம் அளந்து குடும்மா" என்றார். நானும் தையல் பழக்கத்தில், உடுப்பு இறுக்கிப் பிடிக்காமல் இருக்க விடுவதுபோல, டேப்புக்குள் இரண்டு விரல் விட்டே எல்லாரையும் அளந்துவிட்டேன். பாதிப் பேர் குண்டானவர்கள் பட்டியலில் ஏறிவிட்டார்கள்.

"அக்கா, உன் கைபட்டு ஒரே நாள்ல பெருத்துட்டேன்" என்று பட்டன் தைக்கிறவள் சண்டைக்கு வந்தாள். நர்சம்மா மறுபடி இறுக்கி அளந்ததில் எல்லாரும் தப்பித்தார்கள், என்னையும் அளந்ததில் நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். மூன்று மாதத்தில் இரண்டு அங்குலம் குறையாவிட்டால் வேலையை நீட்டிக்க மாட்டார்களாம். பயப்படாதீர்கள், ஏறின சதை இறங்காதா?

மத்தியானம் சாப்பிட்டதும் கம்பெனிக் கட்டடத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கப் பார்க்கிறேன். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். தனியாக நடந்தால் நாலாவது சுற்றிலேயே கால் நின்றுவிடுகிறது. அதனால் அந்த நேரத்துக்கு போன் போடுங்கள், நீங்களும் அங்கே நடந்துகொண்டே பேசுங்கள். பெல் அடித்துவிட்டது, மெஷினுக்குப் போகிறேன். பேச ஒன்றுமில்லையென்றால் என்னைத் திட்டுங்கள், ஆனால் அரை மணி நேரமும் திட்டுங்கள்.

உங்கள் மனைவி