லீவு நாளில் வராத இருமல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இருமலுக்காக ஆம்பூரில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சின்ன வயது டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிவிட்டு, "லீவு நாள்ல மூச்சு எப்படிம்மா இருக்கு?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "அப்போ வேலை செய்ற இடத்தால வர்ற ஆஸ்துமாவா இருக்கலாம்" என்று இன்ஹேலர் தந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தோலுக்குச் சாயம் தெளிக்கும் எங்கள் பிரிவின் மேனேஜர் இன்ஹேலரைப் பார்த்ததும், "இன்னா மேடம், இதுக்கும் நம்ம ஸ்ப்ரேவுக்கும் சம்பந்தமே இல்ல, வயசுதான்" என்றார். ஸ்ப்ரேயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதன் பிறகுதான் டாக்டரை நம்பினேன். வேறு பிரிவு கேட்டிருக்கிறேன். தருவார்களா, வேலையை விட்டே அனுப்புவார்களா, தெரியவில்லை.

நீங்கள் ஞாயிறு மட்டும் பேசி, என் குரல் தெளிவாக இருப்பதாக நிம்மதி அடைகிறீர்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. இனி புதன்கிழமையும் கூப்பிடுங்கள் அம்மா. நான் இருமினாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

மேகலா